சம்பந்தியுடையதைவிட மேலான கைப்பேசி

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு என் மனைவி என்னை ஒதுக்கிவிட்டு, என் சம்பந்தியோடு சேர்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களைச் சுட்டுத் தள்ளுகிறாள். என் குறை இதுதான். மற்றவை எல்லாம் இதன் விரிவு.

சுடுவது கைப்பேசியில். தொண்ணூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, ஒருவரையொருவர் கொன்று, கடைசியில் எஞ்சுபவர் வெற்றி பெறும் விளையாட்டு அது. அவள் எங்கள் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து ஆடுகிறாள். சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், இரண்டு தெரு தள்ளித் தம் வீட்டில் அமர்ந்து ஆடுகிறார். ஆனாலும் காதில் மாட்டிய கருவி வழியாக அவர் குரல் அவளுக்கு இடைவிடாமல் கேட்கிறது. எதிர் நாற்காலியில் இருக்கும் என் குரல் கேட்பதில்லை. தேநீர் ஆறுகிறது என்று மூன்று முறை சொல்லிப் பார்த்து, அவளுடையதையும் நானே குடித்த மாலைகள் பல.

இருவரும் இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவர்கள்போல் ஆடுவதற்குக் காரணம் உண்டு. அவள் தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவள். நான்கு பக்கமும் வெடி வெடிக்கும்போதும், "லைன்லயே இருங்கண்ணா, வலப்பக்க மாடியில ரெண்டு பேரு" என்று பதற்றமே இல்லாமல் சொல்கிறாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரண்டு கைகளாலும் இரண்டு நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு, அடுக்குமாடி உயரத்தில் அமர்ந்து, கீழே தெரியும் புள்ளியில் பெட்டியை இறக்கிய மனிதருக்கு, மரத்தடியில் ஒளிந்திருப்பவனைக் குறிவைப்பது ஒரு வேலையா? விளையாட்டில் அவருக்குப் பெயர் கொக்கி. அவளுக்குப் பெயர் ட்ரங்க்கால். கொக்கியும் ட்ரங்க்காலும் சேர்ந்து வெள்ளிப் படியிலிருந்து தங்கப் படிக்கு ஏறிய அன்று, என் மகள் தொலைபேசியில் அழைத்து அவர்கள் இருவரையும் வாழ்த்தினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அவரை அண்ணா என்றுதான் அழைக்கிறாள். உறவுமுறையில் பிழை காண இயலாது. ஆனால் அந்த விளியின் இறுதி நெடிலை அவள் நீட்டும்போது அதில் ஓர் உற்சாகம் இருக்கிறது. என்னை அழைப்பதற்கு அவள் ‘என்னங்க’ என்கிறாள். அது விளியா, வினாவா என்பது முப்பத்தொன்பது ஆண்டுகளாகியும் எனக்குத் தெளிவாகவில்லை.

பத்து நாள்களுக்கு முன் அவள் ஒரு தாள்துண்டில் இரண்டு பெயர்களை எழுதி என் முன் வைத்தாள். வல்லூறு 5, வல்லூறு 5 எக்ஸ். விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கைப்பேசிகளாம்.

"இந்த ரெண்டுல எது கைக்கு ஒத்து வரும்னு நிதானமாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

யார் கைக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய பழைய கைப்பேசி ஆட்டத்தின் நடுவில் இஸ்திரிப் பெட்டியைப்போல் சூடாவதால், ஈரத் துணியை அதன் முதுகில் ஒற்றிக்கொண்டு ஆடுபவள் அவள். ஆகையால் அவள் கைக்குத்தான் என்று கொண்டேன்.

நான்கு நாள்கள் உழைத்தேன். நாற்பது பக்கக் குறிப்பேட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டங்கள் வரைந்தேன். மூளை ஒன்றே, படக்கருவி ஒன்றே, திரையின் அளவு ஒன்றே. ஐந்தின் திரை ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எக்ஸின் திரை நூற்று அறுபத்தைந்து முறை. ஐந்தின் பேட்டரியைவிட எக்ஸின் பேட்டரி சற்றே பெரிது. எக்ஸின் வயிற்றுக்குள் நகத்தளவு விசிறி ஒன்று சுழல்கிறது. ஐந்தில் விசிறி இல்லை. மாறாக, அதைக் கிடையாகப் பிடிக்கும்போது மேல் விளிம்பின் இரு முனைகளிலும், ஆள்காட்டி விரல்கள் படியும் இடத்தில், இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. தோள் பொத்தான்கள் என்கிறார்கள். எடையில், ஐந்தானது எக்ஸைவிடப் பதினாறு கிராம் குறைவு.

கடைக்கும் போனேன். கண்ணாடி மேசைமேல் இரண்டும் சுருள்கம்பியால் கட்டப்பட்டுக் கிடந்தன. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த பெண், ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள் என்றாள். ஒன்று என்றால் ஏன் இரண்டு செய்தார்கள் என்று கேட்டேன். ஆட்கள் இரண்டு விதம் என்றாள். இலக்கணப்படி அது விடையாகாது. ஆனாலும் மறுக்கத் தோன்றவில்லை. விளக்கத் தாள்களை வாங்கிப் படித்தேன். ஐந்தின் தாளில் ‘விளையாட்டு பிரியர்களுக்கு’ என்று இருந்தது. வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின் வர வேண்டிய ‘ப்’ என்னும் ஒற்று இல்லை. எக்ஸின் தாளில் அதே சொற்கள் ‘விளையாட்டுப் பிரியர்களுக்கு’ என்று முறையாக அச்சாகியிருந்தன. எழுத்தில் அக்கறை காட்டுபவன் பொருளிலும் காட்டுவான் என்பது என் கொள்கை. எக்ஸுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சம்பந்தி வைத்திருப்பது வல்லூறு 5. "அஞ்சே போதும்னு அண்ணா சொல்றாரு" என்று அவள் இரண்டாம் நாளே என் காதில் போட்டிருந்தாள். முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியராக, விடைத்தாளில் பெயரைப் பாராமல் மதிப்பெண் போட்டவன் நான். இந்த விடைத்தாளில் பெயர் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் முகம் கழுவப் போயிருந்தாள். கைப்பேசி மேசையில் விழித்துக் கிடந்தது. அதன் எடையைக் குறிப்பேட்டில் சேர்க்கலாம் என்று கையில் எடுத்தேன். சம்பந்திக்கு அவள் அனுப்பியிருந்த கடைசிச் செய்தி திரையில் இருந்தது.

‘அண்ணா, அவரை விட நீங்கதான் சரியான ஆளு. வர்ற ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கலாம்.’

என் கண் முதலில் சென்றது இடைவெளிக்கு. ஒப்பிடும் பொருளில் வரும் ‘விட’ முன்சொல்லோடு சேர வேண்டும், பிரித்தால் பிழை. கடைப் பட்டியல் முதல் கல்யாண அழைப்பிதழ் வரை இந்தப் பிழையை அவள் எழுதி, நான் திருத்தி வந்திருக்கிறேன். பழக்கத்தால் மனத்துக்குள் இரண்டு சொற்களையும் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் பொருள் உறைத்தது. அவரைவிட. அந்த ‘அவர்’ நான்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தேன். எதில் அவர் என்னைவிடச் சரியான ஆள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். தலைமுடியில், ஆம். மற்றவற்றில் ஐயம்தான். அடுத்த ஞாயிறு என்ன நடக்கப் போகிறது? அவள் எதிரில் அமர்ந்து அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் செய்தியைப் படித்தது தெரிந்துவிடும். கேட்காவிட்டாலோ வயிறு எரிகிறது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று, திங்கட்கிழமை, கடை திறந்ததும் வல்லூறு 5 எக்ஸை வாங்கினேன். சம்பந்தி சொன்ன கைப்பேசியை அவள் கையில் நான் கொடுக்க மாட்டேன். சம்பந்தியுடையதைவிட மேலானதைக் கொடுப்பேன். அதன் விசிறி சுழலும் ஒவ்வொரு கணமும் அவள் என்னை நினைக்க வேண்டும். இதுவே என் திட்டம். நல்ல பிள்ளைபோல் அங்கேயே உறையைப் பிரித்து, திரையில் கண்ணாடித் தாளும் ஒட்டச் செய்தேன். அப்படியே நூலகத்துக்குப் போய்ப் பொழுதைக் கழித்து, மாலை ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினேன்.

வாசலில் என் செருப்பை விடும் இடத்தில் வேறொரு செருப்பு கிடந்தது. உள்ளே என் நாற்காலியில் சம்பந்தி அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க சம்பந்தி என்றார். என் வீட்டில் என்னை வரவேற்றார்.

நான் பெட்டியை மேசைமேல் வைத்தேன். எக்ஸ் என்றேன். உங்களுடையதைவிட ஒரு படி மேல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். மனைவி கைப்பேசியை எடுத்து விளிம்பை ஒருமுறை தடவினாள். திருப்பி மறுபடியும் தடவினாள்.

"பட்டன் எங்க?" என்றாள்.

இதில் பொத்தான் கிடையாது, விசிறி உண்டு என்றேன்.

"ஃபேன் எதுக்கு? அதான் தலைக்கு மேல ஒண்ணு சுத்துதே."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பொத்தான் உள்ள கைப்பேசியைச் சரியான ஆளிடமே கேட்டு வாங்கிக்கொள், நான்தான் அவரைவிடத் தாழ்ந்தவன் ஆயிற்றே என்றேன். செய்தியைப் படித்ததையும் ஒப்புக்கொண்டேன். சம்பந்தி கூரையைப் பார்த்தார். அவள் தன் பழைய கைப்பேசியைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னொரு தடவை படிங்க. எழுதியிருக்கிற மாதிரியே படிங்க."

படித்தேன்.

"ஒப்பிட்டா சேத்து எழுது, விடறதுன்னா பிரிச்சு எழுதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? பிரிச்சுத்தானே எழுதியிருக்கேன்? நான் சரியா எழுதியிருப்பேன்னு உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?"

திரையை மேலே தள்ளி, அதற்கு முன்னால் சம்பந்தி அனுப்பியவற்றைக் காட்டினாள். மூவர் அணிப் போட்டி வருகிறது, மூன்றாவது ஆளாக வாத்தியாரை அணியில் விடலாமா, அவருக்குச் சொல்லிக் கொடுத்து உள்ளே விடுவது நீங்களா நானா என்று அவர் கேட்டிருந்தார். அதற்குத்தான் அவள் விடை எழுதியிருந்தாள். அவரை உள்ளே விட, நீங்கள்தான் சரியான ஆள். தான் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் நிமிடமே சண்டையாகிவிடும் என்று பயந்தாளாம். கைப்பேசியும் எனக்குத்தானாம். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த முதல் பாடத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் நான் மறுப்பேன் என்று மூடி வைத்திருந்தாளாம்.

அதற்கும் மேலே இன்னொரு செய்தி இருந்தது. ‘வாத்தியாருக்கு வலது கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது. கல்யாணத்துல மைக் பிடிச்சப்பவே பாத்தேன். தோள் பட்டன் இருந்தா ஆள்காட்டி விரலாலயே சுட்டுடலாம். அஞ்சே பாக்கச் சொல்லுங்க.’

உண்மைதான். சுண்ணக்கட்டியாலோ சிவப்புப் பேனாவாலோ, பணி ஓய்வு பெறுவதற்கு ஈராண்டு முன்பிருந்தே அந்த விரல் மடங்குவதில்லை. நான் எவரிடமும் சொன்னதில்லை. பேனாவை நடுவிரலுக்கு மாற்றிக்கொண்டேன். கிரேனின் உச்சியிலிருந்து பார்த்துப் பழகிய மனிதர் ஒரு கல்யாணக் கூட்டத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு நன்றி வரவில்லை. இதையும் அவர்தானா கவனிக்க வேண்டும் என்றுதான் வந்தது.

வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று இருவரும் என்னை எக்ஸிலேயே ஆடச் சொன்னார்கள். விளையாட்டில் எனக்குப் பெயர் வேண்டும் என்றாள். ஒற்று என்று வைத்தேன். வேவு என்றும் அதற்குப் பொருள் உண்டு. விமானத்திலிருந்து குதித்து, ஒரு மாடியில் இறங்கி, எதிரில் நின்றவனைக் கண்டேன். சுடும் குறி திரையின் வலப்புறத்தில் இருந்தது. கட்டைவிரல் போய்ச் சேர்வதற்குள் அவன் என்னை முடித்துவிட்டான். நாற்பது நொடி. மூன்று முறை ஆடினேன். மூன்றாவது முறை முப்பது நொடி.

"மாடியில இறங்குறதே பெரிய விஷயம் சம்பந்தி," என்றார் அவர். பிறகு தம் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். "இத நீங்க வெச்சுக்கங்க. அத எனக்குக் குடுங்க. கிரேன் ஓட்டின கை, எதுலயும் ஆடும்."

முதுகில் கொக்கிப் படம் ஒட்டிய அந்தக் கைப்பேசியைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு மாலையும் அவர் விட்டுக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டுதான் என் மனைவியின் அருகில் நான் உட்கார வேண்டும். வேண்டாம் என்றேன். அவர் வருந்தினாற்போலவும் தெரியவில்லை, அதுவும் எரிந்தது.

இன்று காலை கடைக்குப் போனேன். உறையைப் பிரித்த பிறகு மாற்றித் தர மாட்டார்களாம். வல்லூறு 5 கையிருப்பிலும் இல்லை, அடுத்த மாதம்தான் வருமாம். வீட்டில் சொன்னேன். அவள் ஈரத் துணியைப் பிழிந்தபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பட்டன் இருக்கிற போனோட வந்து உக்காருங்க. அண்ணாவோடதோ யாரோடதோ. இல்லேன்னா மூணாவது ஆளுக்குப் பல் டாக்டரக் கூப்பிட்டுருவேன். அவரு ரெடியா இருக்காரு."

அவர்களோடு அவ்வப்போது ஆடும் அந்தப் பல் மருத்துவருக்கு நாற்பது வயது. தலைமுடி முழுவதும் இருக்கிறது.

எனவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். உங்களிடம் வல்லூறு 5 இருந்தால், அதன் இரண்டு தோள் பொத்தான்களும் பழுதின்றி வேலை செய்தால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் அதை என்னிடம் கொண்டுவாருங்கள். ஒரே நாள் பயன்படுத்திய எக்ஸை, விசிறியோடும் ஒட்டிய கண்ணாடியோடும், ஈடாக எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் கொண்டுவருவதில் என் சம்பந்தியுடையதைவிட ஒரு கீறலாவது குறைவாக இருக்க வேண்டும்.