நாலாம் நம்பர் கலர்

எங்கள் கம்பெனியில் தைக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போக முடியாது. ஆடத்தான் முடியும். அதுவும் வெளிநாட்டில் பாலே என்று ஒரு ஆட்டம் இருக்கிறதாம், அதை மட்டும். பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தகரம் போட்ட ஷெட்டில் நாற்பத்திரண்டு பேர் அந்தச் செருப்பைத் தைக்கிறோம். ஒருத்தரும் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. பார்க்கவில்லையே என்று யாருக்கும் தூக்கம் கெட்டதுமில்லை.

என் பெயர் தங்கமாரி. தைத்து வருகிற செருப்பையெல்லாம் பார்த்துத் தள்ளுகிற செக்கிங் டேபிள் என்னுடையது. காலை எட்டரைக்கு நின்றேன் என்றால் சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் நிற்க வேண்டும். பதினோரு வருஷமாக நின்றதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்குப் போனதும் காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். பேசினால் எரிச்சல் வரும் என்று தெரிந்து என் வீட்டுக்காரரும் அந்த நேரத்தில் பக்கத்தில் வர மாட்டார்.

சேர்ந்த புதிதில் முதலாளி காளீஸ்வரன் எங்களை எல்லாம் உட்கார வைத்து டிவியில் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். எலும்பே இல்லாத மாதிரி பெண்கள் வந்தார்கள், கால் விரல் நுனியில் நின்றார்கள், ஒரு காலைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ, "இவுகளுக்கு மூட்டு வலியே வராதா?" என்று கேட்டதில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

முதலாளி சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்துக்கோங்க. இடுப்புல இருந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரே கோடாத் தெரியுதா? செருப்பு போட்டிருக்கதே தெரியக்கூடாது. கால் கலரும் செருப்புக் கலரும் ஒண்ணா இருந்தாத்தான் அந்தக் கோடு அறுகாது. அதுக்குத்தான் இந்தக் கலர்" என்றார்.

அந்தக் கலர் என்பது வெளிறிப்போன ரோஸ். நாங்கள் அதை ஸ்கின் கலர் என்போம். நாங்கள் மட்டுமா, அருப்புக்கோட்டைக் கடைகளில் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். உள்பாவாடை வாங்கப் போனாலும் அதுதான் ஸ்கின் கலர், எலாஸ்டிக் வாங்கப் போனாலும் அதுதான்.

செக்கிங்கோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆர்டர் வந்ததும் சாயப் பட்டறைக்குச் சீட்டு எழுத வேண்டும். பட்டறை எங்கள் ஷெட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே சாயம் போடுகிறவர் பால்ச்சாமி அண்ணன். ஆர்டர் பேப்பர் இங்கிலீஷில் வரும், அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நான் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் பட்டறைச் சுவரில் உள்ள ஆணியில் குத்தி வைத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்வார். பதினோரு வருஷமாக வந்தது ஒரே கலர் என்பதால், மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து நூறு சீட்டிலும் கலர் என்ற இடத்தில் ஸ்கின் கலர் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். ஆர்டர் வந்தால் மீட்டரை மட்டும் நிரப்பினால் போதும். கால் வலிக்காரி கண்டுபிடித்த சுருக்கு வழி.

அந்த வெள்ளிக்கிழமை அறுநூறு சோடி பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டுகிற லேபிளோடு ஒத்துப் பார்க்க முதலாளி ஆர்டர் பேப்பரைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணித்துண்டு பின் அடித்திருந்தது. நல்ல பழுப்பு நிறம். பக்கத்தில் கலர் நம்பர் நாலு என்று எழுதியிருந்தது. பெட்டியில் இருந்ததோ அத்தனையும் வெளிறிய ரோஸ்.

"இது என்ன கலரு?" என்று பேக்கிங் பக்கமிருந்து அவர் சத்தம் கேட்டது.

கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. படியேற முடியாத என் கால் அன்றைக்கு எப்படி அவ்வளவு வேகமாகப் போனது என்று தெரியவில்லை. பின் வாசல் வழியாகப் பட்டறைக்குப் போனேன். பால்ச்சாமி அண்ணன் வெளியே தொட்டியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஆணியில் என் கையெழுத்தில் சீட்டு தொங்கியது. உருவி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்து டேபிளில் நின்றுவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்றால், பயம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால் யார் எடுப்பார்கள்?

முதலாளி பால்ச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு விட்டார். அண்ணனுக்கு அறுபதாகப் போகிறது. சிறுவயதில் காட்டு வேலை, அப்புறம் டவுனில் நூலுக்குச் சாயம் போடுகிற வேலை, கடைசியில் இங்கே. சத்தமாகப் பேசியே கேட்டதில்லை.

"சீட்டுல உள்ளபடிதான் முக்குனேன்யா" என்றார்.

"அந்தச் சீட்டக் கொண்டாங்க பாப்போம்."

போனார். கொஞ்ச நேரம் கழித்து வெறும் கையோடு வந்தார். "ஆணியிலதான் குத்துனேன். இப்பக் காணோம்யா."

"காணோமா. அடுத்த வாரம் சனிக்கிழமை கப்பலுக்குப் போகணும். புதுத் துணி எடுத்து முக்கித் தைக்க மூணு வாரம் ஆகும். நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. இனிமே வர வேணாம்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சீட்டில் என்ன எழுதினாய் என்று அவர் என்னைக் கேட்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை. அண்ணன் என் டேபிளைத் தாண்டித்தான் போனார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் யுவராணி நின்றாள். எங்கள் தையல் லைனில் வேலை பார்க்கிறவள், காலேஜ் படித்தவள். முதலாளி கத்தியதிலிருந்து, அப்படி என்ன இந்த நாலாம் நம்பர் என்று போனில் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். "இதப் பாருங்கக்கா" என்று நீட்டினாள்.

வீடியோவில் நம்மூர் நிறத்துக்கு இன்னும் ஒரு படி கறுப்பாக ஒரு பெண். ஆட்டக்காரிதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் விரல் எல்லாம் பிளாஸ்திரி, இரண்டு நகம் கன்றிப்போயிருந்தது. மடியில் எங்கள் ரோஸ் செருப்பு மாதிரியே ஒன்று. முகத்துக்குப் பூசுகிற பவுடர் குழம்பைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு அந்தச் செருப்பில் ஒத்திக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருசமா இப்பிடித்தான் பூசுறாகளாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஒரு மணி நேரம். கடையில இவுக கலருல செருப்பே வராதாம்க்கா" என்றாள் யுவராணி.

"கீழ என்ன அவ்வளவு எழுதியிருக்கு?"

"சண்டை. ரோஸ்தான் காலங்காலமா உள்ள வழக்கம், வரிசையில நின்னா எல்லாக் காலும் ஒண்ணுபோலத் தெரியணும், இதுல போயி ஏன் நெறத்தக் கொண்டாரீகன்னு சில பேரு. அந்த வழக்கத்த உண்டாக்குனப்ப எங்கள நெனைக்கவே இல்லையேன்னு சில பேரு."

அந்தப் பெண் முகத்தில் சண்டை இல்லை. அலுப்புத்தான் இருந்தது. ராத்திரி மாவு ஆட்டி முடித்தபின் கிரைண்டரைக் கழுவ வேண்டியிருக்கிறதே என்று நிற்கிற முகம். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது.

பஸ் குலுங்கியது. கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அறுநூறு சோடி என்றால் ஆயிரத்து இருநூறு செருப்பு. ஒவ்வொன்றையும் இந்தக் கையால்தான் எடுத்துத் திருப்பி, தையலைப் பார்த்து, நூலை வெட்டி, சரி என்று தள்ளியிருக்கிறேன். ஒரு தடவைகூட இது எந்த ஸ்கின்னுடைய கலர் என்று தோன்றியதில்லை. முக்கின பால்ச்சாமி அண்ணனுக்கும், தைத்தவர்களுக்கும் தோன்றியதில்லை. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தர் தோல்கூட அந்தக் கலர் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. யுவராணி போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் சீட்டை முதலாளி மேஜையில் வைத்தேன்.

"எங்க கெடந்துச்சு?"

"பட்டறையில சாய டிரம்முக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சுய்யா." அந்த ஒரு பொய்யை மட்டும் விட முடியவில்லை. "எழுதுனது நாந்தான். கடைசிப் பக்கத்தப் புரட்டாமலே எழுதிட்டேன். பால்ச்சாமியண்ணன் மேல தப்பில்ல."

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஒன் டேபிளத் தாண்டி வந்தா நான் பெட்டியப் பிரிச்சுக்கூடப் பாக்கிறதில்ல, தங்கமாரி" என்றார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

யுவராணியிடம் வாங்கி வைத்திருந்த போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். "ரோஸுக்கு மேல பழுப்பு ஏறும்யா. அடியில தோல் வச்சுத் தச்சாச்சு, தொட்டியில முக்க முடியாது. ஆனா இவுக மாதிரி பஞ்சுல தொட்டு ஒத்தி எடுக்கலாம்."

"அறுநூறு சோடியவும் கையாலயா?"

"அவுக பன்னெண்டு வருசமாக் கையாலதான் செய்றாக."

வீடியோவை இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "வெள்ளத்துணியில ஒரசிப் பாக்கணும். சாயம் ஒட்டுச்சுன்னா அனுப்ப மாட்டேன். எப்பிடிச் செஞ்சோம்னு ஆர்டர் குடுத்தவுகளுக்கும் எழுதித்தான் ஆகணும்" என்றார். அப்புறம், "பால்ச்சாமியண்ணனக் கூட்டிட்டு வா. நீயே போ" என்றார்.

அண்ணன் வீடு பாலவனத்தம் காலனியில். வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சீட்டு கிடைத்துவிட்டது என்று சொன்னபோது மட்டும் கட்டுவதை நிறுத்தினார்.

"எங்க கெடந்துச்சு?"

"டிரம்முக்குப் பின்னாடிண்ணே."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றார்.

சாயத்தைக் கலக்கியது அவர்தான். துணித்துண்டு சின்னதாக இருந்ததால் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நாலைந்து தடவை கலக்கிப் பார்த்துவிட்டு, "தாயி, ஒங்க கைய நீட்டுங்க" என்றார். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் துண்டை வைத்தார். எது துணி, எது நான் என்று தெரியாத அளவுக்கு ஒத்துப்போனது. அப்புறம் துண்டைத் தூரப் போட்டுவிட்டு என் கையைப் பார்த்தே கலக்கினார். "ஒங்களப் பாத்துட்டுத்தான் ஆர்டர் குடுத்திருப்பாகளோ" என்றாள் யுவராணி. அண்ணன் சிரிக்கவில்லை.

நாலு நாள் ஒன்பது பேர் உட்கார்ந்து ஒத்தினோம். பட்டும் படாமல் ஒத்த வேண்டும், தேய்த்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். காய்ந்ததும் இரண்டாம் தடவை. ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்து வைத்தோம். விரல் இடுக்கெல்லாம் எரிந்தது, முதுகு கல்லாகிவிட்டது. செய்துகொண்டிருக்கும்போது பல தடவை அந்தப் பெண்ணை நினைத்தேன். இதை முடித்துவிட்டு அவள் எழுந்து ஆட வேறு போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, காலில் போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். வழக்கமாக ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற கஸ்தூரி காலில் போட்டுத்தான் எடுப்பார்கள். அவள் நல்ல சிவப்பு, பாதமும் வழுவழு என்று இருக்கும். போட்டுப் பார்த்தால் வேறு யாருடைய செருப்பையோ எடுத்து மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது. முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

என் காலை நான் யாருக்கும் காட்டுவதில்லை. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கியபோது வெட்கமாக இருந்தது. வெடித்த குதிகால் செருப்புக்குள் மறைந்தது, சுருண்ட நரம்பு வெளியே நின்றது. கஸ்தூரி குனிந்து போட்டோ எடுத்துக் காட்டினாள். முழங்காலிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடு. எங்கே தோல் முடிகிறது, எங்கே துணி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. முதலாளி அன்றைக்குச் சொன்னது பதினோரு வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சரி என்று பதில் வந்தது. மாதம் முடிவதற்குள் இன்னும் ஆயிரம் சோடிக்கு ஆர்டரும் வந்தது, அதே நாலாம் நம்பர், இந்தத் தடவை தைப்பதற்கு முன்னால் துணியையே முக்குவதற்கு. என்னை முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் என் டேபிளைத் தாண்டிப் போகிற பெட்டியை இப்போதெல்லாம் ஒரு தடவை பிரித்துப் பார்க்கிறார்.

எழுதி வைத்திருந்த பழைய சீட்டுக் கட்டைக் கிழித்துப் போட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்து, புதுச் சீட்டில் நாலாம் நம்பர் என்று கொட்டையாக எழுதி, துணித்துண்டையும் பின் அடித்துப் பட்டறைக்கு நானே கொண்டுபோனேன்.

பால்ச்சாமி அண்ணன் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி வாசித்தார். துண்டை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"ஆணியில குத்தலையாண்ணே?"

"அது விழுந்து விழுந்து போயிருது தாயி" என்றார். குரலில் கோபம் இல்லை. "டிரம்முக்குப் பின்னாடி."

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஆணி வெறுமனே நின்றது. ஐந்தரை ஆக இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. போய் என் டேபிளில் நின்றேன்.