ஜாடியில் நான்கு விரல்கள்

பெரியவள் போய் இரண்டு மாதம் ஆகியும் குளியலறை அலமாரியில் இருந்த அவளுடைய ஜாடியை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. உடம்பில் தேய்த்துக் குளிக்க அவளே வீட்டில் கலந்த ஸ்க்ரப் அது. சர்க்கரை, வெயிலில் உலர்த்திய காபிச் சக்கை, ஓட்ஸ் மாவு, தேங்காய் எண்ணெய். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையலறையை இரண்டு பண்ணிவிடுவாள். குளிர்காலம் என்பதால் எண்ணெய் இறுகி, கடைசியாக அவள் அள்ளிய இடத்தில் நான்கு விரல்களின் பள்ளம் அப்படியே நின்றிருந்தது.

சின்னவள் தினமும் குளிக்கப் போகும்போது அந்தப் பள்ளத்தைப் பார்ப்பாள். தொடமாட்டாள். தொடுவதற்குத் தனக்கு அருகதை இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

காரணம் இருந்தது. அக்கா இறந்த அன்றைக்குக் காலையில் குளியலறைத் தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி அவள் முழங்கையை இடித்துக்கொண்டாள். வலியில் வாய்க்கு வந்தபடி கத்தினாள்.

"இந்த எண்ணெயும் சக்கரையும் இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்கோ."

எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிற அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. டிபனைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனாள். மத்தியானம் சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் மோதியது. இந்தச் சண்டையைப் பற்றிச் சின்னவள் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சண்டை நடந்தபோது அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் பள்ளம் இடம் மாறியிருந்தது. சுவர்ப் பக்கம் இருந்தது, கதவுப் பக்கம் வந்திருந்தது. தன் கண்தான் கோளாறு என்று விட்டுவிட்டாள். மறுநாள் பள்ளம் ஆழமாக இருந்தது, தரையில் இரண்டு மூன்று சர்க்கரைத் துகள்கள் மினுங்கின. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஜாடி நிரம்பி, மேலே வழவழவென்று இருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. லென்ஸில் புள்ளி வைக்கிற பேனாவைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஜாடியின் வெளிப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று போட்டாள். காலையில் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சாயங்காலம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

அம்மாவாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பெற்றவள், மகள் செய்ததை உடம்பில் பூசிக்கொள்ள ஆசைப்பட்டிருப்பாள், தீர்ந்துபோகாமல் இருக்கத் திரும்பவும் செய்து வைக்கிறாள். கேட்டால் கூனிக் குறுகிப் போவாளே என்று வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் மனம் அடங்கவில்லை. வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா சமையலறையில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கரையில் எண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தாள்.

"நீதானாம்மா?" சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சொல்லியிருக்கலாம்ல? நான் என்னென்னமோ நினைச்சு நடுங்கிட்டு இருக்கேன்."

"எப்படிடி சொல்றது? நீயே அழுதுக்கிட்டு, யாருக்கும் தெரியாம கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுக் குளிக்கிற. தீர்ந்துபோச்சுன்னா நீ உடைஞ்சு போயிடுவ. அதான் குறையக் குறைய நிரப்பி வெச்சேன்."

சின்னவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் அதைத் தொட்டதே இல்லம்மா. நீதான் தேய்ச்சுக்கிறியோன்னு நினைச்சேன்."

"நானா? எனக்கு எண்ணெய் பட்டாலே தடிப்புத் தடிப்பா வருமே. கையில உறை மாட்டிக்கிட்டுல்ல பிசையறேன்."

அப்போதுதான் சின்னவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறை. இருவரும் குளியலறைப் பக்கம் திரும்பினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் உள்ளே ஒரு வாளியும் ஒரு துண்டும் தெரிந்தன, வேறொன்றும் இல்லை.

சின்னவள்தான் முதலில் பேசினாள். "நிறுத்திடலாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"சோறு கேக்கல, துணி கேக்கல. ரெண்டு கரண்டி சக்கரை. பெத்த பொண்ணுக்கு அதுகூடக் குடுக்க வேணாமா?"

அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே உட்கார்ந்து கலந்தாள். சாதாரணச் சர்க்கரை தீர்ந்திருந்ததால் டப்பாவில் கிடந்த பெரிய கல் சர்க்கரையை ஒன்றிரண்டாய் இடித்துப் போட்டாள். மறுநாள் காலையில் ஜாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இவ்வளவு நாள் பள்ளத்தைப் பார்த்து நடுங்கியவள், பள்ளம் இல்லாததைப் பார்த்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா உறையை மாட்டிக்கொண்டு வந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது என்னடி, ரோட்டுக்குப் போடற ஜல்லியா? அவளுக்கு இருக்கிறது பூத்தோல். எப்படித் தொடுவா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிப்போனது. அந்த அழுகையில்தான் சின்னவள் அன்றைய சண்டையைச் சொன்னாள். சொன்ன சொல்லை மாற்றாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அம்மா திட்டவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்டச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

விடிந்ததும் சின்னவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம். காபியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை கதவிடுக்கில் வந்தது.

"அக்கா," என்றாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ இரு. எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு."

குழாய் சொட்டுவது நின்றது. அவ்வளவுதான். அவள் நின்று நின்று கால் மரத்துப்போய்ச் சமையலறைக்கு வந்தாள்.

"ஏதாவது சொன்னாளா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"அவ கோவக்காரி. நாலு நாள் ஆகும்" என்றாள் அம்மா, தட்டை அவள் முன்னால் நகர்த்தி. "நீ சாப்பிடு, வேலைக்கு நேரமாச்சு."