சம்பந்தியின் முகம்

மாப்பிள்ளையின் அம்மா மேகலா எதிரில் வந்து உட்கார்ந்ததும், அகிலாண்டம் தன் கணவர் சொல்லி வைத்தபடியே நிமிர்ந்து, நேருக்கு நேராக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. அதைச் சுற்றிப் பச்சைப் பட்டும், காதோரம் ஒரு கல்லின் மினுக்கும் மட்டும் தெரிந்தன.

காலையிலேயே பஞ்சநதம் பாடம் எடுத்திருந்தார். “அவங்க முகத்தப் பாத்துப் பேசு. கண்ணு விஷயத்த இப்ப எடுக்காத. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்.” எடுத்ததற்கெல்லாம் பயப்படுகிற மனுஷன். ஆனால் மகள் குந்தவைக்கு இத்தனை நாள் தட்டிப்போய், இப்போதுதான் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை.

அகிலாண்டத்துக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து சில வருடங்களாகின்றன. ஓரப்பார்வை நன்றாகவே இருக்கிறது. போனதைத் திருப்ப முடியாது, இருப்பதை வைத்து நன்றாக வாழலாம் என்று சொன்ன தஞ்சாவூர் டாக்டரம்மா, எதையும் நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்கப் பழக்கிவிட்டார். பாலைக் கறுப்புக் கோப்பையில் ஊற்றினால் அளவு தெரியும்; களத்து நெல் காய்ந்த பதத்தைக் கடித்தே சொல்லிவிடுவாள். அடுப்படியில் அவளை ஏமாற்றப் பூனையாலும் ஆகாது. ஆளைப் பார்க்க மட்டும் அவர் தோளுக்கு அப்பால் எங்காவது பார்க்க வேண்டும். மரியாதையாகப் பார்த்தால் ஆள் தெரியாது.

“எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்குப் போயிதான் ஆவணும்னு இல்லைங்க” என்றாள் மேகலா.

சிரித்துக்கொண்டு சொல்கிறாளா, உதட்டைச் சுழித்துக்கொண்டா? குரலில் பிடிபடவில்லை. பெண்ணை யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? அகிலாண்டம் தன்னை மறந்து கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

மேகலாவின் குரல் இறுகியது. “நான் பேசுறது புடிக்கலீங்களா? எங்கயோ பாக்குறீங்க.”

“கழுத்துப் பிடிப்புங்க அவளுக்கு” என்று முந்திக்கொண்டார் பஞ்சநதம்.

“கழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றாள் அகிலாண்டம். “எனக்குக் கண்ணுல நடுப்பார்வை இல்லைங்க. நேராப் பாத்தா உங்க முகம் தெரியாது. இப்படிப் பாத்தாதான் தெரியும்.”

பஞ்சநதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணுக்கும் வருமா?” என்றாள் மேகலா.

“வரணும்னு இல்லைங்க. வந்தாலும் வரலாம். இப்ப நல்லாருக்கு. வருஷா வருஷம் காட்டச் சொல்லிருக்காங்க, காட்டிட்டு வர்றோம். மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல.”

கதவோரம் நின்ற குந்தவை அசையவில்லை. போய்விடும், இந்த வரனும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள் அகிலாண்டம்.

“இப்ப என்னைய பாக்குறீங்களா?” என்று கேட்டாள் மேகலா.

“உங்களத்தான் பாக்குறேன்.”

ஜன்னலுக்கு வெளியே நெல் குவியலின் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாயில் அகிலாண்டம் கண்ணை நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் கூடி வந்தது. நெற்றியில் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்கும் வியர்வை. தூங்காதவளைப் போலக் கண்ணுக்குக் கீழே கருமை. உதடுகள் சேர்ந்தே இருந்தன. அந்தக் கண்கள் அகிலாண்டத்தைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற குந்தவையையே பார்த்துக்கொண்டிருந்தன. உதடுகள் சிரிப்பதற்கென்று மெல்லப் பிரிவதுபோல் இருந்தது. அகிலாண்டம் தார்ப்பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.