ஐந்தாவது நாற்காலி

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர். ஜன்னலோரம் வகுப்பாசிரியை. எதிரே நானும் என் கணவரும். கதவருகே எங்கள் மகள், பதின்மூன்று வயது, நின்றுகொண்டு. ஐந்தாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அவள் வயதுக்கு வந்து எட்டு மாதம். முதல் ஓரிரு வருடம் நாள் முன்னே பின்னே போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். ஆனால் இவளுக்கு ஒவ்வொரு முறையும் பத்து நாள் நிற்கவில்லை. மணிக்கொரு பேடு நனைந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது.

"ஏழு நாளைத் தாண்டினாலே காட்டணும்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

புதுசுதானே, போகப் போகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். ரத்தம் குறைந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்.

பள்ளியில் இடைவேளை தவிர மற்ற நேரம் கழிப்பறைக்கு விடுவதில்லை. ஆகவே தேதி போட்டு, அதிக மாதவிடாய், கேட்டால் அனுப்பவும் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குத்தான் இந்த அழைப்பு.

தலைமையாசிரியர் அந்தத் தாளைச் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"என்னம்மா இது? இதையெல்லாம் எழுதுவாங்களா? நாலு பேர் பார்க்கிற ஃபைல். பேதின்னு மாத்திக் கொடுங்க, அனுப்பிடறோம்."

"பேதின்னா உங்களுக்குக் கூசாதா சார்?"

"நாங்கள்லாம் அடக்கிட்டுத்தான் படிச்சோம்," என்றாள் வகுப்பாசிரியை. "இதுக்குப் போய் லெட்டரா!"

"காய்ச்சல்னே எழுதிடலாமே. எதுக்கு வம்பு?" என்றார் என் கணவர், தன் செருப்பைப் பார்த்து.

மகள் வெளிறிப்போய்க் கதவில் சாய்ந்தாள். "வந்து உட்காருடி," என்று காலி நாற்காலியை இழுத்தேன்.

தலைமையாசிரியர் பாதி எழுந்துவிட்டார். "ஐயோ, வேண்டாம்! புது குஷன். அவ நிக்கட்டும்."

அவர் முன்னால் ஆறிப்போன டீயில் ஆடை மிதந்தது. அதில் பிஸ்கட்டை நனைத்துத் தின்று, விரலை நக்கி, என் கடிதத்தை அதே விரலால் என்னிடம் தள்ளினார். எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வரும் வழியில் மாணவிகள் கழிப்பறையை எட்டிப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் இல்லை. மூலையில் வாளி நிறைந்து வழிந்து, தாளில் சுற்றிய பொட்டலங்கள் தரையில் கிடந்தன. ஈ மொய்த்தது. இங்கே போகத்தான் அனுமதி கேட்டிருக்கிறேன்.

வீட்டில் மகள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "இனி அந்த ஸ்கூலுக்குப் போகமாட்டேன்."

கல்வி அதிகாரிக்கு எழுத உட்கார்ந்தேன். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள். மருத்துவர் சீட்டின் நகலை வைத்து, முதலில் மகளிடம் நீட்டினேன்.

"இது உன் விஷயம். வேண்டாம்னா கிழிச்சிடறேன்."

இரண்டு முறை படித்தாள். "குஷனை விட்டுட்டியேம்மா."

வாய்விட்டுச் சொல்லவே அருவருத்ததைக் கை எழுதாமல் தாண்டியிருந்தது. சேர்த்தேன்.

கணவரும் படித்தார். "நான் சொன்னதையுமா எழுதியிருக்கே?"

"நடந்தபடிதான் எழுதியிருக்கேன்."

தாளை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு பசைக் குப்பியை எடுத்து உறையின் ஓரமெல்லாம் தடவி, உள்ளங்கையால் அழுத்தினார்.

மகள் எங்களோடு வந்தாள். தபால் நிலையத்தில் அவளே உறையை நீட்டி, "பதிவுத் தபால்," என்றாள். முத்திரை விழும்வரை அங்கேயே நின்றாள்.