பன்னிரண்டு படி

வீடு நூறு வருஷம் நிற்க வேண்டும் என்றார் அப்துல் லத்தீப் பாய். சொன்னது ஷார்ஜாவிலிருந்து, வாட்ஸ்அப் வீடியோவில். வீடு கட்டுவது லப்பைக்குடிக்காட்டில். கட்டுகிற இஞ்சினியர் நான், பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் அறிவுச்செல்வன். அதுவரை என்னிடம் வந்தவர்கள் வாஸ்துவும் டைல்ஸ் கலரும்தான் கேட்டார்கள். நூறு வருஷம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாய்க்குப் புயல், நிலநடுக்கம், வெள்ளாற்று வெள்ளம் எல்லாமே பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ரோடு.

"எங்க அத்தா கட்டுன வூட்டுக்கு மூணு படி. ரோட்டு மேல ரோடு போட்டு மூணையும் முழுங்கிருச்சு. இப்ப மழை பேஞ்சா தெருத்தண்ணி கூடத்துல நிக்குது."

நான் கணக்குப் போட்டேன். அஞ்சு வருஷத்துக்கு ஒரு ரோடு, ரோட்டுக்கு அரை அடி, ஐம்பது வருஷத்தில் அஞ்சு அடி. வெள்ளத்துக்கு ஒரு அடி. ஆக, வீட்டுத்தரை தெருவைவிட ஆறடி உயரம். மீதி ஐம்பது வருஷத்தை அவருடைய பேரன்மார் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவு அழகான கணக்கை நான் அதற்கு முன் போட்டதில்லை.

வாராவாரம் பாய் வீடியோவில் வேலையைப் பார்ப்பார். சைட்டில் போனைப் பிடித்துக் காட்டுவது அவர் மனைவி ஜுலைகா அம்மா. அஸ்திவாரம், தூண், கம்பி எல்லாம் படத்தில் வந்தன. பிடித்தவர் மட்டும் இரண்டு வருஷமும் படத்தில் வரவில்லை.

ஒருநாள் அவர் கேட்டார். "தம்பி, படி எத்தன?"

"பன்னெண்டுங்கம்மா" என்றேன், பெருமையாக.

அவர் முழங்காலைத் தடவினார். சிமெண்ட் தூசியைத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று அம்மா இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஏறினார். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மறுநாளே கட்டிலும் அடுப்பும் தெருமட்டத்தில் இருந்த கார் ஷெட்டுக்கு வந்துவிட்டன. வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். ஏறிப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

சாய்தளம் போடலாமா என்று அளந்தேன். ஆறடி ஏற எழுபத்திரண்டு அடி நீளம் வேண்டும். வாசலில் இருந்தது பதினைந்து அடி.

"அவுங்கட்ட சொல்லிறாதீங்க தம்பி. இருவது வருசமா அங்க வெயில்ல நின்னு சம்பாரிச்சுக் கட்டுனது. மனசு ஒடஞ்சிருவாங்க" என்றார் அம்மா. பிறகு, "ரோட்டுக்கு ஒரு படி கொறையுமுல்ல? ஆறு படின்னா நானே ஏறிருவேன்" என்றார்.

ஆறு படி குறைய ஆறு ரோடு, முப்பது வருஷம். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்தக் கணக்கை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர். பதறிப்போய் ஓடினேன். மேலே வீடு காய்ந்து கிடந்தது. கீழே ஷெட்டில் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அம்மா போன் பேசிக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்றது பாயின் குரல்.

"ஒரு சொட்டு வரலங்க."

"இஞ்சினியர் கெட்டிக்காரன்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

தை மாதம் அந்தத் தெருவுக்கு ரோடு போட ஆட்கள் வந்தார்கள். அம்மா எனக்குப் போன் செய்து வரச்சொன்னார். கேட்டருகே நாற்காலி போட்டு, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். ரோட்டைக் கன்னாபின்னாவென்று உயர்த்திப் போடட்டும் என்று ஒரு இஞ்சினியர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதலில் ஒரு மெஷின் வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்தது. மட்டம் ஏறக் கூடாதாம், சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டுமாம். சரியான முறைதான். அப்படித்தான் போட வேண்டும் என்று மாவட்டத்து இஞ்சினியர்கள் சிலர் மனு கொடுத்திருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது.

சாயங்காலம் புது ரோடு தயார். சுரண்டியது ஒரு அடி, போட்டது அரை அடி. பழையதைவிட அரை அடி கீழே, வழவழவென்று கிடந்தது. அம்மா ரோட்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இப்ப படி எத்தன தம்பி?"

"பதிமூணுங்கம்மா" என்றேன்.