இல்லாத முகாம்

சாய்ந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தப்போய் யேசுரட்ணம் அதைத் தட்டிவிட்டார். படம் ஒட்டி, அச்சுக்குப் போகத் தயாராயிருந்த அஞ்சலிச் சுவரொட்டியின்மேல் அது விழுந்தது. தம்பி மரியநேசனின் முகம் மீசையிலிருந்து எரியத் தொடங்கியது. கையில் அகப்பட்டதை எடுத்து ஊற்றினார். பால்தேத்தண்ணி.

"நல்லகாலம், சீனி போடேல்லை."

மனைவி பேர்ளி சிரிக்கவில்லை. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பகுதியின் அந்த ஆறாம் மாடி அறையில் பதறியவன் மகாலிங்கம்தான். யேசுரட்ணத்தோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். மிச்ச நேரத்தில், மரியநேசன் சேர்ந்திருந்த ஆயுத இயக்கத்தின் ஆள். சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவனும் அவனே.

"பரவாயில்லை அண்ணை, வேறை எழுதலாம். படம் மட்டும் இன்னொண்டு தாங்கோ. நாளைக்குக் கடையளிலை ஒட்டவேணும்."

எரியாத பாதியைப் பேர்ளி வாசித்தாள். 'மன்னார்க் களத்தில் இராணுவத்துடன் மோதி...'

"நேசன் எப்ப மன்னாருக்கு வந்தவன்? எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை தன்ரை கடை எரிஞ்ச கையோடை, வள்ளமேறி இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போனவனெல்லே?"

"அக்கா, அங்கை முகாமே இல்லையெண்டு டெல்லி சொல்லுது. நாங்கள் இருக்கெண்டு எழுதினால், பிறகு துவக்கு, தோட்டா தருவாங்களோ?"

"அப்ப என்ரை தம்பி இல்லாத முகாமிலை, ஒருத்தரும் குடுக்காத துவக்கோடை நிண்டவன்," என்றார் யேசுரட்ணம். "செத்தது மட்டும் மெய்."

தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம். இந்த முறை வாய் கோணியதோடு சரி.

பேர்ளி அலுமாரியிலிருந்து மற்றப் படத்தை எடுத்தாள். மகாலிங்கம் கை நீட்டினான். யேசுரட்ணம் அதைப் பறித்துச் சட்டைக்குள் செருகிப் பொத்தானைப் பூட்டினார்.

"விளையாடாதேங்கோ அண்ணை. ஊரே அவனை வீரனெண்டு சொல்லப்போகுது."

"சொல்லட்டும். அவன்ரை முகம் இல்லாமல் சொல்லட்டும்."

"இயக்கத்தோடை மல்லுக்கட்டப் போறியளோ?"

"நான் சட்டி பானையோடையே மல்லுக்கட்டித் தோக்கிறவன். நீ பாக்கிறனிதானே." நெஞ்சில், படத்தின்மேல் வைத்த கை இறங்கவில்லை. "ஆனால் அம்மா கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல? சொல்லு, அவன் எப்பிடிச் செத்தவன்?"

பேர்ளி கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள்.

கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது. மகாலிங்கம் கட்டில் நுனியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். பிறகு திரும்பக் கட்டினான்.

"இந்தியாவிலைதான் அண்ணை. ஆமி இல்லை. வீட்டை போகப்போறனெண்டு நிண்டவன். எங்கடை ஆக்கள்தான் சுட்டவை."