பின்பக்கம் மாட்டிய கல்வெட்டு

1

இது கதையே அல்ல. பிள்ளையார்பாளையம் வரலாற்று மன்றத்தின் மலருக்கு ‘மன்றச் செய்திகள்’ என்று அரைப் பக்கம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், கை சும்மா இருக்கவில்லை. செய்தி மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த பக்கம் புரட்டலாம்.

2

முதல் தொடக்கம்: ‘வரலாற்றுச் சிறப்புமிக்க நம் நகரில்...’ (வேண்டாம். மலரில் எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

இரண்டாவது: மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது, நெசவு செய்யும் அங்கம்மாள் வீட்டு வாசலில் எழுத்துள்ள பாறை ஒன்று தட்டுப்பட்டது. மன்றச் செயலாளர் தேவகி ஓடிப்போய் மனு கொடுத்து வேலையை நிறுத்தினார். ஈரத்தாளைப் பாறைமேல் ஒற்றி, மை தட்டிப் படியெடுத்தோம். நெசவாளியும் மன்றப் பொருளாளருமான கலியாணசுந்தரம் அந்தப் படிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதையே அழைப்பிதழிலும் அச்சடித்தோம். ஒரே பெருமை!

3

(கலியாணசுந்தரத்தை வில்லனாக்கப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிடுகிறார்.)

கல்வெட்டு படிக்கத் தெரிந்த அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் துடைப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றினோம். பின்னட்டை பிரிந்தது. கன்னங்கரேல் என்று மை அந்தப் பக்கம் இருந்தது. இத்தனை மாதம் நாங்கள் பார்த்துப் பூரித்தது தாளின் முதுகை, அதில் ஊறித் தெரிந்த இடவலம் மாறிய எழுத்தை.

“இன்னாங்க இது, திருப்பி மாட்டிக்கீறீங்க?” என்றார் தேவகி.

“தறியில பொடவையோட பின்பக்கம்தாம்மா மேல இருக்கும். தெனமும் அதத்தான் பாத்துக்கினு நெய்யறேன். கை தானா போட்டுடுச்சி. யாராச்சும் சொல்லியிருக்கலாமே?” என்றார் கலியாணசுந்தரம்.

எப்படிச் சொல்வது? எங்களில் ஒருவருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது.

4

மன்ற வாசலில் நின்ற அங்கம்மாள் இதையெல்லாம் கேட்டுவிட்டார்.

“படிக்காமலேவா வேலைய நிறுத்துனீங்க? மழ பேஞ்சா தறிக்குழியில தண்ணி நிக்குதுபா. பாவு நூலெல்லாம் நனைஞ்சி நாசமாப் போச்சி.”

“இத்தினி வருஷத்துல ஒரே ஒரு கல்லுதாம்மா எங்களுக்குக் கெடச்சிருக்குது” என்றார் தேவகி.

“எனக்கும் ஒரே தறிதாம்மா.”

(கல்லைப் பெயர்த்து ஓரமாக வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அது தரையோடு கிடக்கும் பாறை. பெயர்த்தால் உடையும்.)

5

முடிவு ஒன்று: கல்வெட்டு மிகப் பழையது. கம்பி வேலி வருகிறது. அங்கம்மாள் தறியைப் பிரிக்கிறார்.

முடிவு இரண்டு: யாரோ போன தலைமுறையில் விளையாட்டாகக் கொத்தியது. கால்வாய் வருகிறது. தேவகி மன்றத்தைப் பூட்டிவிட்டு...

முடிவு மூன்று: அதிகாரி கண்கலங்கி, ‘அம்மா, உங்கள் தறிதான் உயிருள்ள...’ (அடித்துவிட்டேன். என் கதையை முடித்துவைக்க எந்த அதிகாரியும் நல்லவராவதில்லை.)

6

நிஜத்தில் அவர் இன்னும் வந்து சேரவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாள் நெரிசலில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது.

“அவரு வந்து பழசுன்னுட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல” என்றார் கலியாணசுந்தரம். “மனுவ இப்பவே வாபஸ் வாங்கிடலாமா? வாங்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்கபா.”

அவர் கையே முதலில் மேலே போனது. தேவகி தூக்கவில்லை. மற்ற உறுப்பினர்களையும் சேர்த்து எண்ணினால் சரிபாதியாக நின்றது. மிச்சம் நான்.

செய்தி எழுதுபவர் கை தூக்கக் கூடாது என்று மன்ற விதி இருக்கிறது. (இல்லை. இப்போதுதான் உண்டாக்கினேன். எனக்குப் பயமாக இருக்கிறது.)

ஆகவே வாசகரே, அந்த ஒரு கை உங்களுடையது. வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. அங்கம்மாள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.